கிருபை: ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஞாயிறு பாடசாலையிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் இருபத்தைந்து வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். வாழைச்சேனையில் ஒருவர் கேட்ட சந்தேகத்தையே அடுத்த வாரம் கல்லாற்றில் இன்னொருவர் கேட்பார். கல்முனையிலிருந்து தொலைபேசியில் ஒரு தாய் அதையே அழுதுகொண்டு கேட்பார். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழிக்கு இயன்றவரை அருகில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். என் பதில்களில் அந்தச் சாயல் இருக்கும்.

டீச்சர், கிருபை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் அதன் அர்த்தம் என்ன?

உழைக்காமல் கிடைப்பது கிருபை. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. பவுல் ரோமர் 4:4இல் ஒரு கோடு கிழிக்கிறார்: வேலை செய்தவனுக்கு வருகிற கூலி கிருபையாக எண்ணப்படாது, கடனாகவே எண்ணப்படும். மூன்று சொற்களும் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. நாள் முழுவதும் வயலில் நின்றவருக்கு வயல் சொந்தக்காரரான போடியார் கொடுக்கும் பணம் அவர் கொடுக்க வேண்டிய கடன். அதற்கு நன்றி சொல்லலாம். ஆனாலும் அது அவருடைய தயவு அல்ல. கடவுள் நமக்குத் தருவது அந்தக் கணக்குப் புத்தகத்தில் இல்லாதது.

இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதுதான். கடவுளோடு நாம் கூலிக் கணக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். நல்லது நடந்தால் சம்பளம் என்றும் கெட்டது நடந்தால் தண்டப்பணம் என்றும் எண்ணுகிறோம். அந்தக் கணக்கை விட்டுவிட மனம் லேசில் சம்மதிப்பதில்லை.

கிருபையும் இரக்கமும் ஒன்றுதானே?

நெருங்கிய உறவுள்ள சொற்கள். நமக்கு வரவேண்டிய தண்டனை வராமல் போவதை இரக்கம் என்றும், நமக்கு உரிமையில்லாத நன்மை வந்து சேர்வதைக் கிருபை என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். வேதாகமம் எல்லா இடத்திலும் அவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

கத்தோலிக்கர் அருள் என்கிறார்கள், நாங்கள் கிருபை என்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் அருள் என்கிறது. எல்லாம் ஒன்றா?

முதல் பகுதிக்கு விடை எளிது. கிரேக்கத்தில் காரிஸ் என்ற ஒரே சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு கிருபை என்றும், 1995இல் வந்த திருவிவிலியம் அருள் என்றும் சொல்கிறது. லூக்கா 1:28இல் தேவதூதன் மரியாளை வாழ்த்துவதை நாம் "கிருபை பெற்றவளே, வாழ்க" என்று வாசிக்கிறோம். அவர்கள் "அருள்மிகப் பெற்றவரே வாழ்க" என்று வாசிக்கிறார்கள். கிருபை வடமொழியிலிருந்து வந்தது, அருள் தமிழ்ச் சொல். அருள்தான் அழகு என்பது என் சொந்தக் கருத்து. இரு சபைகளும் நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டது சொல்லைப் பற்றி அல்ல, அது மனிதனை எப்படி நீதிமானாக்குகிறது என்பதைப் பற்றி. அந்த விஷயத்தில் 1999இல் லூத்தரன் சபைகளின் உலக ஒன்றியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் இது தெரிந்தவர்கள் குறைவு, அது எனக்கு வருத்தம்.

இரண்டாவது பகுதியை மரியாதையோடு அணுக வேண்டும். "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் பாடியதைச் சைவர்கள் நாள்தோறும் ஓதுகிறார்கள். வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்று சொல்பவரிடம் போய், உங்களுக்கு அருள் என்றால் என்னவென்றே தெரியாது என்று நாம் சொல்லக் கூடாது. வேறுபாடு உண்டு: கிறிஸ்தவர்களுக்குக் கிருபை என்பது இயேசு என்ற ஒருவரோடு, அவருடைய சிலுவையோடு கட்டுண்டது. கிருபையும் சத்தியமும் அவர் மூலமாய் வந்தன என்கிறது யோவான் 1:17. அதைச் சொல்லுங்கள். அவர்களுடைய சொல்லைப் பறிக்காமலே அதைச் சொல்ல முடியும்.

பழைய ஏற்பாட்டில் கோபமான கடவுள், புதிய ஏற்பாட்டில்தான் கிருபை. சரிதானே?

இல்லை. வேதாகமத்தில் கிருபை என்ற சொல்லைத் தேடினால் ஆறாம் அதிகாரத்திலேயே அகப்படும்: நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது. 136ஆம் சங்கீதத்தில் இருபத்தாறு வசனங்கள். இருபத்தாறும் அவர் கிருபை என்றுமுள்ளது என்றே முடிகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பத்துக் கட்டளைகள். யாத்திராகமம் 20இல் முதற் கட்டளைக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது: உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் கர்த்தர் நானே. விடுதலை முதலில், கட்டளை பிறகு. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம், இந்தப் பத்தையும் கைக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

அப்படியென்றால் நாங்கள் நல்லது எதுவும் செய்ய வேண்டியதில்லையா?

எபேசியர் 2:8, 9 என்ற இரண்டு வசனங்களையும் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறோம்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல. அங்கே நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வசனமோ, நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. ஆகவே கிரியை உண்டு. அது வரும் இடம்தான் வேறு. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் இதே இடத்தில் வந்து பொருந்தும்.

வரி வசூலிப்பவர்களின் தலைவன் சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்ன நேரத்தில் அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலத்தனை என்று எழுந்து நின்றான்.

எதைச் செய்தாலும் மன்னிப்பார் என்றால், செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாமே?

இதை இளைஞர்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். பவுலிடமும் கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6:1இல் கேள்வியை அவரே எழுதி, அடுத்த வசனத்தில் "கூடாதே" என்று முடிக்கிறார். கிருபையைச் சரியாகப் பிரசங்கித்தால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். எழாவிட்டால் நாம் சொன்னதில் எங்கோ கூலி கலந்துவிட்டது என்று அர்த்தம்.

தீத்து 2:11, 12ஐ வாசியுங்கள். கிருபை நமக்குப் போதிக்கிறது, பழைய ஆசைகளை வெறுக்கக் கற்றுத்தருகிறது என்று அங்கே இருக்கிறது. உங்களில் எதையும் மாற்றாத ஒன்று உங்களிடம் இருந்தால், அதற்குக் கிருபை என்று பெயர் வைக்க வேண்டாம்.

நாங்கள் சிறுவயதிலிருந்து ஆலயத்துக்குப் போகிறோம். குடித்துக் கூத்தாடியவன் சாகும் நேரத்தில் மனந்திரும்பினால் அவனுக்கும் அதே பரலோகமா? இது நியாயமா?

நியாயமில்லை என்றுதான் மத்தேயு 20இல், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவர்களுக்கும் அதே ஒரு பணம் கொடுத்ததைக் கண்டு, காலையிலிருந்து வேலை செய்தவர்களும் முறுமுறுத்தார்கள். அந்த உவமையைப் படுவான்கரையில், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வாசித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் முறைப்பாடு செய்வார்கள். அன்று ஒரு முதியவர், "கடைசியாக வந்தவர்கள் அதுவரை எங்கே நின்றார்கள்?" என்று கேட்டார். வாசித்துப் பார்த்தோம். சந்தையில் நின்றார்கள், ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். முதியவர் சொன்னார்: "கூலிக்கு ஆள் எடுக்கும்போது கடைசியில் மிஞ்சுவது கிழவனும் நோயாளியும்தான் மகள். எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அந்த உவமையை என்னால் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை. ஒரு பணம் என்பது அன்றைய ஒரு நாட்கூலி, ஒரு வீடு அன்று சாப்பிடுவதற்கான காசு. ஒரு மணி நேரத்துக்குரிய கூலியோடு அனுப்பியிருந்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. எசமான் வேலையைப் பார்த்துக் கொடுக்கவில்லை, பசியைப் பார்த்துக் கொடுத்தான். காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு சதம்கூடக் குறையவும் இல்லை. ஆகவே கேள்வி கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வருடம் ஆலயத்துக்குப் போனது உங்களுக்கு வெயிலில் நின்ற மாதிரியா இருந்தது?

கிருபை இலவசம் என்றால் ஜெபம், உபவாசம், திருவிருந்து எல்லாம் எதற்கு?

மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிநீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. குழாயைத் திறப்பவர் யாரும் குளத்தை வெட்டியவர் அல்ல, மழையைப் பெய்வித்தவரும் அல்ல. ஆனாலும் குழாயைத் திறக்க வேண்டும். எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இவற்றைக் கிருபையின் சாதனங்கள் என்றார்; ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றோடு நோயாளியைப் பார்க்கப் போவதையும் பசித்தவருக்கு உணவு கொடுப்பதையும் சேர்த்தே சொன்னார். குழாய் தண்ணீரை உண்டாக்குவதில்லை. உபவாசம் கிருபையை உண்டாக்குவதும் இல்லை.

பிள்ளை சுகமானால் செய்கிறேன் என்று நேர்த்தி வைத்தேன். சுகமாகிவிட்டது. இப்போது செய்ய வசதியில்லை. கடவுள் தண்டிப்பாரா?

எங்கள் பக்கத்தில் மதம் பாராமல் நேர்த்திக்கடன் இருக்கிறது. ஆயித்தியமலைத் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போகிறவர்களில் பலர் அதற்காகவே போகிறார்கள். நன்றியாகச் செய்கிற நேர்த்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அன்னாளும் பொருத்தனை பண்ணித்தான் சாமுவேலைப் பெற்றாள். ஆனால் உங்கள் பிள்ளை சுகமானது நீங்கள் பேசிய விலைக்காக அல்ல. விலை பாக்கி என்று பிள்ளையைத் திருப்பி எடுக்கிறவர் அல்ல கடவுள்.

லேவியராகமம் 27:8ஐ யாரும் பிரசங்கிப்பதில்லை. பொருத்தனை செய்தவர் அதைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால், ஆசாரியன் அவருடைய திராணிக்கேற்ப அதைக் குறைத்து மதிக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணமே சொல்கிறது. உங்கள் குருவிடம் அல்லது போதகரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

தசமபாகம் கொடுக்காவிட்டால் கிருபை நின்றுவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு மூன்று சிறுபிள்ளைகள். நுண்கடன் எடுத்துக் கொடுத்தேன். செய்தது சரியா?

சரியில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் இருக்கிறது. வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கும் கடன்காரரோடு கடவுளையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

காணிக்கை கொடுப்பது நல்லது. 2 கொரிந்தியர் 8, 9ஆம் அதிகாரங்களில் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது பவுல் அந்தக் காணிக்கையையே காரிஸ் என்ற அதே சொல்லால் அழைக்கிறார். அதே இடத்தில், ஒருவருக்கு இல்லாததன்படி அல்ல, உள்ளதன்படியே அது அங்கீகரிக்கப்படும் என்கிறார் (8:12). கடன் வாங்கியது உங்களிடம் உள்ளது அல்ல. மூன்று சிறுபிள்ளைகளோடு அந்தத் தவணையைக் கட்டி முடியுங்கள். அதுவரை உங்கள் காணிக்கை அதுதான்.

சுனாமியில் "தேவ கிருபையால் தப்பினோம்" என்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் கிருபை இல்லை?

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. சில வாரங்களின் பின் ஓர் ஆராதனையில் சாட்சி நேரம். ஒருவர் எழுந்து, தம் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை, எல்லாம் தேவ கிருபை என்றார். "ஆமென்" என்றோம், நானும் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் நாவலடியைச் சேர்ந்த ஒரு தாய் என் கையைப் பிடித்து இந்தக் கேள்வியைக் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அவரோடு உட்கார்ந்து அழுதேன்.

பிறகு தேடித் தேடி அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். அங்கே பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே அழைத்து வருகிறான். நாம் விரும்பிப் பிரசங்கிக்கும் பகுதி அது. ஆனால் அதே அதிகாரம் இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்பட்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. இருவரும் இயேசுவின் நெருங்கிய சீடர்கள். யாக்கோபுக்குக் கிருபை குறைவு என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4, 5). அப்படியானால் உயிர் தப்பியதைக் கிருபையின் அளவுகோலாக வைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பிறகு நான் படிப்பிக்கும் இடங்களில் ஒரு வழக்கத்தை வலியுறுத்துகிறேன்: தப்பியவர் நன்றி சொல்லட்டும், ஆனால் இழந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்து சொல்லட்டும். ஏன் நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வேதாகமமும் சொல்லவில்லை. சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவரும் அந்த நேரத்தில் பதில் பெறவில்லை. அந்தத் தாயிடம் நான் கிருபையைக் கண்டேன். தன் பிள்ளைகளின் பாடசாலைப் பைகளை முகாமில் இருந்த வேறு பிள்ளைகளுக்கு அவர் கொடுத்ததைப் பார்த்தேன். அதை அவரிடம் ஆறுதலாகச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் துணிவு வரவில்லை.

எவ்வளவு ஜெபித்தும் நோய் மாறவில்லை. என் விசுவாசம் போதாதா?

முந்திய பதிலையும் வாசியுங்கள். பவுல் தன் சரீரத்தில் முள் என்று சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டினார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. மருந்தை நிறுத்தச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்க வேண்டாம். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

ஒருவரை மன்னிக்கவே முடியவில்லை. அதனால் எனக்குக் கிருபை கிடைக்காதா?

மத்தேயு 18இல் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் நாட்கூலி. மொத்தம் ஆறு கோடி நாட்கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் இரண்டு இலட்சம் வருடம் பிடிக்கும். "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் சொல்வதில் இருக்கும் பரிதாபம் இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும். அதை மன்னிக்கப் பெற்றவன் நூறு நாட்கூலிக்காக இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

நூறு நாட்கூலி சின்னத் தொகை அல்ல. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உங்களுக்குச் செய்யப்பட்டது சிறிது என்று இயேசு சொல்லவில்லை. மன்னிக்க முடியாமல் போராடுவது வேறு, மன்னிக்க மாட்டேன் என்று உட்காருவது வேறு. போராடுகிறவர் ஏற்கனவே கிருபையின் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார்.

கணவன் குடித்துவிட்டு அடிக்கிறார். கிருபையோடு பொறுத்துப் போ என்கிறார்கள். போக வேண்டுமா?

வேண்டாம். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது தப்பி ஓடினான். பின்னால் சவுல் தன் கையில் அகப்பட்டபோது தாவீது பழிவாங்காமல் விட்டான். "திரும்பி வா" என்று சவுல் அழைத்தபோதோ தாவீது தன் வழியே போனான் (1 சாமுவேல் 26:25). பழிவாங்காமல் விடவும் முடியும், எட்ட இருக்கவும் முடியும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவும் இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் சபையில் ஒரு பெண்ணைக் கேளுங்கள்.

என் மகனைக் கொண்டுபோனவர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அவர்களையும் மன்னித்து, போராட்டத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

அம்மா, விட்டுவிடச் சொல்லவில்லை. 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் என்று ஒரு தாய் இருக்கிறாள். கொல்லப்பட்டுக் கிடந்த தன் பிள்ளைகளுக்கு அருகே, கன்மலையின் மேல் இரட்டுத் துணியை விரித்து, அறுப்புத் தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் விரட்டிக்கொண்டு இருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. இருந்தாள், அவ்வளவுதான். அது தாவீது ராஜாவின் காதுக்கு எட்டியது. எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணினான். அதற்குப் பின்தான் தேசத்துக்காகச் செய்யப்பட்ட ஜெபத்தைக் கடவுள் கேட்டார் என்று அந்தப் பகுதி முடிகிறது.

உண்மையைக் கேட்பது பழிவாங்குவது அல்ல. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரைக் கிருபை இல்லாதவர்கள் என்று சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை.

கிடைத்த கிருபையிலிருந்து விழ முடியுமா?

இதில் சபைகள் ஒத்துப்போகவில்லை. கல்வினைப் பின்பற்றுகிறவர்கள் முடியாது என்பார்கள். வெஸ்லியைப் பின்பற்றும் நாங்கள் முடியும், திரும்பி வரவும் முடியும் என்போம். ஆனால் "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்று கலாத்தியர் 5:4 சொல்வது குடிகாரரை அல்ல, நியாயப்பிரமாணத்தால் நீதிமானாகப் பார்த்தவர்களை. கூலிக் கணக்குக்குத் திரும்பிப் போனவர்களை.

எனக்குள்ளே ஒன்றும் தோன்றவில்லை டீச்சர். அழுகையும் வரவில்லை, ஆனந்தமும் வரவில்லை. எனக்குக் கிருபை கிடைக்கவில்லையா?

1738 மே 24 அன்று தன் இருதயம் அனல்கொண்டதாக வெஸ்லி எழுதியதை எல்லாரும் சொல்வார்கள். 1739 ஜனவரியில், தான் ஒரு கிறிஸ்தவனே அல்ல என்று அவரே நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அதன் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் பிரசங்கித்தார். அவர் வழி வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார், பாடசாலைகள் தொடங்கினார், ஒரு வருடம் முடியுமுன் இங்கேயே இறந்தார். உணர்ச்சியை அளந்துகொண்டிருந்தால் இவையெல்லாம் நடந்திருக்குமா? நாம் தேடத் தொடங்குமுன்பே நம்மைத் தேடி வருவதை முந்திவரும் கிருபை என்பார் வெஸ்லி. இந்தக் கேள்வியை உங்களைக் கேட்க வைத்ததும் அதுதான் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வசனத்தை மனப்பாடம் செய்வித்தால் பரிசு கொடுக்கிறோம். அதுவும் கூலிதான்; நானும் கொடுத்திருக்கிறேன், இப்போது குறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதைத்தான் நம்புவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு மாலை. தாண்டாத பிள்ளை அறைக்குள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறார். தையல் வேலை செய்கிறவர். பெறுபேறு வருவதற்கு முந்திய நாள் பின்னேரமே கேக் வாங்கிவந்து, மகளின் பெயரை அதில் எழுதுவித்து, மேசையில் வைத்துவிட்டார். அடுத்த நாள் பெறுபேறு வந்தது. நான்கு புள்ளி குறைவு. பிள்ளை அழுதுகொண்டு வந்து மேசையைப் பார்த்து, இதைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். பெயர் எழுதியாயிற்று, இனி யார் வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டுத் தாய் கத்தியை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.